பச்சிளங்குழந்தைக் கணக்கு: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் பிரசவப் பதிவேடு எழுதுகிறவர்களோடு பழகுகிற வேலை எனக்கு. நர்ஸம்மாக்கள், டேட்டா என்ட்ரி பிள்ளைகள், பெற்றோர், பயிற்சிக்கு வரும் கல்லூரி மாணவர்கள், நடுநடுவே நிருபர்கள் என்று எல்லாரும் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே போட்டிருக்கிறேன். ஒரு முறை சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், எந்தக் கேள்வியில் இருக்கிறது என்று மட்டும் காட்டியிருக்கிறேன்.

1. பச்சிளங்குழந்தைன்னா எத்தனை நாள் வரைக்கும்?

பிறந்ததிலிருந்து 28 நாள் முடிகிற வரை. அதற்குள்ளும் முதல் ஏழு நாளைத் தனியாகப் பிரிப்பார்கள். முதல் மாதத்தில் இறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய முக்கால்வாசி முதல் வாரத்திலேயே இறந்துவிடுகின்றன. அதனால் எந்த நாளில் இறந்தது என்பதை வைத்துத்தான் எங்கே கவனிப்பு போதவில்லை என்று ஊகிக்க முடியும்.

பிறந்த நாளைப் பூஜ்ய நாள் என்று எண்ணுவது முறை, அதனால் முதல் வாரம் 6-ஆம் நாளோடு முடிந்துவிடும். தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள். இரவு 11.40-க்குப் பிறந்து 1.10-க்கு இறந்த குழந்தைக்குத் தேதி இரண்டு, ஆயுள் ஒன்றரை மணி நேரம். நேரம் எழுதாவிட்டால் அது ஒரு நாள் வாழ்ந்த குழந்தை ஆகிவிடும். வீட்டில் போய்க் கேட்கும்போது இன்னொரு சிக்கல்: "ஒரு வாரம் இருந்துச்சு" என்பார்கள், நாமும் 7 என்று எழுதுவோம். ஐந்தாம் நாள் இறந்த குழந்தை அப்படித்தான் முதல் வாரக் கணக்கிலிருந்து நழுவுகிறது.

2. இன்னும் பேரே வைக்கலையே, எப்படிப் பதியறது?

பெயர் இல்லாமலே பதியலாம். நம் பக்கம் தீட்டுக் கழிந்து, சொந்தபந்தம் கூடி, அப்புறம்தான் பெயர். அதற்காகக் காத்திருந்து 21 நாளைத் தாண்டவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது. 30 நாள் வரை தாமதக் கட்டணம், அதற்கு மேல் அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி, ஒரு வருடம் கடந்துவிட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு என்று அலைச்சல் ஏறிக்கொண்டே போகும். பெயரை 12 மாதத்துக்குள் இலவசமாகவும், 15 வருடம் வரை கட்டணம் கட்டியும் சேர்க்கலாம்.

ஆஸ்பத்திரியில் பிறந்தால் தகவல் கொடுப்பது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. கிராமத்தில் வீட்டுப் பிரசவம் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் போக வேண்டும். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை ஆவணம் என்று சட்டத் திருத்தம் வந்துவிட்டது. "அப்புறம் பார்த்துக்கலாம்" இனி செல்லாது.

3. குழந்தை பொறந்து ரெண்டே நாள்ல தவறிடுச்சு. இதையும் பதியணுமா?

பதிய வேண்டும். பிறப்பு ஒன்று, இறப்பு ஒன்று, இரண்டு பதிவு. துக்கத்தில் இருக்கிற வீட்டில் இதைச் சொல்வது எளிதல்ல. பெரும்பாலும் நர்ஸம்மாதான் தயங்கித் தயங்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் இரண்டும் பதியாவிட்டால் அப்படியொரு குழந்தை பிறந்ததாகவே அரசுக்குத் தெரியாது. அடுத்த பிரசவத்தில் அந்தத் தாய்க்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்பதும் தெரியாமல் போகும்.

4. செத்துப் பொறந்ததா, பொறந்து செத்ததா? அழவே இல்ல, எப்படி எழுதறது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். அழுகையை வைத்து முடிவு செய்யக்கூடாது. வெளியே வந்த பிறகு ஒரு மூச்சு, இதயத் துடிப்பு, தொப்புள்கொடியில் துடிப்பு, தசையில் தெளிவான அசைவு, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே அது உயிருடன் பிறந்த குழந்தை. ஐந்து நிமிடம் கழித்து இறந்திருந்தாலும் அதைப் பிறப்பாகவும் இறப்பாகவும்தான் எழுத வேண்டும். எந்த அறிகுறியும் இல்லை, கர்ப்பம் 28 வாரம் முடிந்திருக்கிறது என்றால் இறந்து பிறந்த குழந்தை. அதற்கும் தனிப் படிவம் உண்டு, அதையும் பதிய வேண்டும்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? நடு ராத்திரி, ஒரே நர்ஸ், தாய்க்கு ரத்தப்போக்கு. குழந்தை அழவில்லை. ஸ்டெதஸ்கோப் வைத்து நெஞ்சைக் கேட்க ஆளில்லை. காலையில் "இறந்து பிறந்தது" என்று எழுதப்படுகிறது. சில நேரம் அது தெரியாமல் நடப்பதும் இல்லை. உயிருடன் பிறந்து இறந்தால் இறப்புத் தணிக்கை, மேலதிகாரி முன்னால் விளக்கம், சில இடங்களில் மெமோ. இறந்து பிறந்தது என்றால் கேள்வி குறைவு. குடும்பத்துக்கும் அது ஆறுதலாகப் போகலாம்: "பிழைச்சிருந்திருக்குமோ" என்ற எண்ணம் வராது. இப்படி எல்லாருக்கும் வசதியாக இருக்கிற தவறு தானாகத் திருந்தாது.

இந்தத் தவறால் பச்சிளங்குழந்தை இறப்பு விகிதம் குறைந்து தெரியும், இறந்து பிறப்பு விகிதம் ஏறித் தெரியும். அதனால் ஒன்றை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். இறந்து பிறந்தவை, முதல் வாரத்தில் இறந்தவை, இரண்டையும் கூட்டிப் பார்த்தால் பெயரை மாற்றி எழுதினாலும் மொத்தம் மாறாது. இன்னொரு தடயமும் உண்டு. வயிற்றிலேயே இறந்து பல மணி நேரம் ஆன குழந்தையின் தோல் உரிந்திருக்கும். தோல் நன்றாக இருக்க, இறந்து பிறந்தவை என்று ஒரு இடத்தில் அளவுக்கு மீறி வந்தால், பிரசவ நேரக் கவனிப்பைப் பற்றியோ எழுதிய முறையைப் பற்றியோ கேட்டாக வேண்டும்.

5. எங்க ரெஜிஸ்டர்ல பாதிக் குழந்தைங்க எடை 2.5, 3.0 கிலோன்னுதான் இருக்கு. இதுல இன்னா தப்பு?

குழந்தைகள் அப்படி அளந்து வைத்தாற்போல் பிறப்பதில்லை. முள் தராசில் கண்ணால் பார்த்து அருகில் இருக்கிற அரைக் கிலோ, முழுக் கிலோ எண்ணை எழுதிவிடுகிறோம். பிரச்சினை என்னவென்றால் 2,500 கிராம்தான் எல்லைக்கோடு. அதற்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை, தனிக் கவனிப்பு. 2,440 கிராம் குழந்தைக்கு 2.5 என்று எழுதினால் அது அந்தப் பட்டியலிலேயே வராது. 1,500, 1,000 கிராம் எல்லைகளிலும் இதே கதைதான்.

டிஜிட்டல் தராசு, பூஜ்யம் காட்டுகிறதா என்று ஒரு பார்வை, துணியில்லாமல் எடை, முதல் ஒரு மணி நேரத்துக்குள், கிராமில் எழுதுவது. இவ்வளவுதான். மறுநாள் எடை போட்டால் குறைந்திருக்கும், முதல் சில நாளில் குழந்தைகள் எடை இழப்பது இயல்பு. பதிவேட்டில் எடைக்கு விட்டிருக்கும் கட்டம் விரல் அகலம்கூட இல்லை என்று ஒரு நர்ஸம்மா காட்டினார். நாலு இலக்கம் எழுத இடம் கொடுக்காமல் நாலு இலக்கம் கேட்பதும் நாம்தான்.

6. மாமியார் ஊர்ல பதிஞ்சேன், பிரசவம் அம்மா வீட்டுல. எந்த ஊர்க் கணக்குல வரும்?

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்கிற வழக்கம் டேட்டா என்ட்ரிக்காரர்களுக்குத் தீராத தலைவலி. குடியாத்தத்தில் கர்ப்பம் பதிவாகும், வளைகாப்பு முடிந்து ஆரணிக்குப் போவார்கள், அங்கே பிரசவம், மூன்று மாதம் கழித்துத்தான் திரும்பி வருவார்கள். குடியாத்தத்தில் அந்தப் பெண் "தொடர்பு இல்லை", ஆரணியில் "புது ஆள்".

இதற்குத்தான் பிக்மியில் (கர்ப்பிணிகளைப் பதிகிற அரசு இணையதளம்) கொடுக்கிற 12 இலக்க எண். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் பணத்துக்கும் அதுதான், குழந்தையின் பிறப்புப் பதிவுக்கும் அதைத்தான் கேட்பார்கள். ஊர் மாறினால் அந்த எண்ணைச் சொல்லுங்கள், புதிதாகப் பதியாதீர்கள். புதிதாகப் பதிந்தால் கர்ப்பம் இரண்டு, குழந்தை ஒன்று என்று ஆகிவிடும். காணாமல் போன அந்த இன்னொரு குழந்தையைத் தேடி யாராவது ஒரு நர்ஸம்மா வெயிலில் அலைவார்.

7. குறைப்பிரசவமா இல்லையான்னு எப்படித் தெரியும்? தேதியே ஞாபகம் இல்லைங்கறாங்க.

37 வாரம் முடியும் முன் பிறந்தால் குறைப்பிரசவம். கடைசி மாதவிலக்குத் தேதியை வைத்துக் கணக்கிடுவது வழக்கம். தேதி தெரியாவிட்டால் "ஆடிப்பெருக்குக்கு முன்னயா பின்னயா?" என்று கேட்கிற நர்ஸம்மாக்கள் உண்டு, அது நல்ல உத்தி. முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் இருந்தால் அதுதான் இன்னும் நம்பகமானது. கடைசி மாத ஸ்கேனை வைத்து வாரம் கணக்கிட்டால் இரண்டு மூன்று வாரம் தவறலாம்.

எடையோடு பொருத்திப் பாருங்கள். 30 வாரம், 3,200 கிராம் என்று இருந்தால் அநேகமாக வாரம்தான் தப்பு.

8. ஒரே குழந்தையை எத்தனை எடத்துலதான் எழுதறது?

கேட்டவர் நர்ஸ். கேள்வியில் நியாயம் இருக்கிறது. கேஸ் ஷீட், பிரசவப் பதிவேடு, பிக்மி, மாதாந்திர அறிக்கை, பிறப்புப் பதிவு, குழந்தை சீரியஸாக இருந்தால் பச்சிளங்குழந்தை சிறப்புப் பிரிவின் மென்பொருள். ஒவ்வொரு நகலிலும் ஏதாவது ஒன்று உதிரும். அதிகமாக எழுதச் சொன்னால் அதிகத் தகவல் கிடைக்கும் என்று மேலே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கிடைப்பது நிரப்பப்பட்ட கட்டங்கள்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. வங்கதேசம், நேபாளம், தான்சானியா நாடுகளில் ஐந்து மருத்துவமனைகளில் 2017, 2018-இல் 23,000-க்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆட்கள் கூடவே நின்று பார்த்துக் குறித்தார்கள். பிறகு அதைப் பதிவேட்டோடும் தாய்மார்கள் சொன்னதோடும் ஒப்பிட்டார்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்தது, நேரில் பார்த்த கணக்குப்படி சுமார் பத்தில் ஒரு குழந்தைக்கு. தாய்மார்கள் சொன்னபடி பாதிக்கு மேல். பதிவேட்டின்படி பத்தில் எட்டுக்கும் மேல். ஒரே குழந்தைகள், மூன்று கணக்கு. "ஆம்" என்று டிக் அடிக்க வேண்டிய கட்டம் இருந்தால் டிக் விழும். கட்டத்தில் நேரத்தை எழுதச் சொல்லிப் பாருங்கள், கொஞ்சமாவது யோசித்து எழுதுவார்கள்.

9. மலை மேல வீட்டுலயே பொறக்குதே, அதெல்லாம் யாரு எழுதறாங்க?

தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் ஆஸ்பத்திரிப் பிரசவம்தான். மிச்சம் இருப்பது ஜவ்வாது மலை போன்ற இடங்களில்தான் அதிகம், ஆபத்தும் அங்கேதான் அதிகம். மாவட்டச் சராசரியில் அவர்கள் தெரியவே மாட்டார்கள். மலைக் கிராமங்களைத் தனிப் பட்டியலாக வைத்து, அங்கன்வாடி ஊழியரையும் ஊர்ப் பெரியவரையும் மாதம் ஒரு முறை கேட்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

10. இறப்புக் காரணம் "மூச்சுத் திணறல்"னு எழுதினா போதாதா?

போதாது. மூச்சு நிற்காமல், இதயம் நிற்காமல் யாரும் இறப்பதில்லை. அது இறந்த விதம். காரணம் வேறு: குறைமாதம், பிரசவ நேரத்தில் ஆக்சிஜன் கிடைக்காமல் போனது, கிருமித் தொற்று, பிறவிக் குறைபாடு. மூச்சுத் திணறல் இந்த நாலில் எதனாலும் வரும். முன்னதாகவே பிறந்துவிட்டதா என்றால் தாயின் பரிசோதனைகளைப் பார்க்க வேண்டும், தொற்று என்றால் கை கழுவும் இடத்தையும் தொப்புள்கொடியில் எதைத் தடவினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். காரணம் மாறினால் செய்ய வேண்டிய வேலையே மாறுகிறது.

வீட்டில் இறந்திருந்தால் குடும்பத்தாரிடம் வரிசையாகக் கேட்டு ஊகிக்கிற முறை இருக்கிறது: பால் குடித்ததா, உடம்பு ஜில்லென்று ஆனதா, வலிப்பு வந்ததா, எந்த நாளில் தொடங்கியது. பாட்டிதான் பெரும்பாலும் சரியாகச் சொல்வார். மாப்பிள்ளை வீட்டு ஆண்களைக் கேட்டால் நேரம் வீண்.

11. சர்வேயில ஒரு நம்பர், அரசாங்கம் சொல்றது ஒரு நம்பர். யாரு பொய் சொல்றாங்க?

இரண்டும் அரசாங்கத்தின் எண்தான், யாரும் பொய் சொல்லவில்லை. 2020-க்கான மாதிரிப் பதிவு முறையின்படி தமிழ்நாட்டில் ஆயிரம் பிறப்புக்கு 9 பச்சிளங்குழந்தை இறப்பு, இந்தியாவுக்கு 20. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுக்கு 12.7, இந்தியாவுக்கு 24.9.

முதல் முறையில் தேர்ந்தெடுத்த பகுதிகளில் ஒருவர் வருடம் முழுக்கக் குறித்துக்கொண்டே வருவார், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வேறொருவர் தனியாகப் போய்க் கணக்கெடுப்பார், இரண்டும் பொருந்தாவிட்டால் திரும்பப் போய்ப் பார்ப்பார்கள். இரண்டாவது முறையில் பெண்களிடம் அவர்கள் பெற்ற குழந்தைகள் எல்லாரைப் பற்றியும் கேட்பார்கள். விகிதம் ஆய்வுக்கு முந்தைய ஐந்து வருடத்துக்கு. இறப்பு வருடாவருடம் குறைந்துவரும் மாநிலத்தில் ஐந்து வருடச் சராசரி கூடுதலாகத் தெரிவதில் வியப்பில்லை. நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு வருடத்து எண்ணை ஒன்றிலிருந்தும் அடுத்த வருடத்து எண்ணை மற்றொன்றிலிருந்தும் எடுத்து "திடீர் உயர்வு" என்று போடாதீர்கள்.

12. இவ்ளோ பெரிய ஆஸ்பத்திரிங்க இருந்தும் வேலூர்ல ஏன் இவ்ளோ குழந்தைங்க சாகுது?

பெரிய ஆஸ்பத்திரிகள் இருப்பதால்தான் அப்படித் தெரிகிறது. பிறப்பும் இறப்பும் நடந்த இடத்தில்தான் பதிவாகின்றன. ஆம்பூரிலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் போளூரிலிருந்தும், ஆந்திராவின் சித்தூரிலிருந்தும், பிழைப்பது கடினம் என்ற நிலையில் இருக்கும் குழந்தைகளை அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ சி.எம்.சி.க்கோ (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) கொண்டுவருகிறார்கள். அங்கே இறந்தால் வேலூர்க் கணக்கு. அனுப்பிய ஊரில் பூஜ்யம்.

ஆகவே தாய் வசிக்கும் ஊரை வைத்துத் திரும்பப் பிரிக்காமல் மாவட்டங்களை ஒப்பிடவே கூடாது. அதற்கு முகவரிக் கட்டம் ஒழுங்காக இருக்க வேண்டும். அவசரத்தில் தாய்வீட்டு முகவரியையோ, லாட்ஜ் முகவரியையோ எழுதிவிடுகிறார்கள் (6-ஆம் கேள்வியின் சிக்கல் இங்கேயும் வந்துவிடும்). நிரந்தர முகவரி, வட்டாரத்தின் பெயரோடு. தயவுசெய்து.

13. பழைய வட ஆற்காடு காலத்துல இருந்து இப்ப வரைக்கும் ஒப்பிட முடியுமா?

மாணவர்கள் ஆசையாகக் கேட்பது. எல்லைகளைப் பாருங்கள்: 1989-இல் வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை தனியானது. மிச்சம்தான் பின்னால் வேலூர் மாவட்டம். அதுவும் 2019 நவம்பரில் மூன்றானது. ஐந்தாவது குடும்பநல ஆய்வு 2017 மார்ச் நிலவரப்படியான மாவட்டங்களை எடுத்துக்கொண்டதால், அதில் "வேலூர்" என்று இருப்பது ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் சேர்ந்த பழைய வேலூர். அதை இன்றைய வேலூரின் மாதாந்திர அறிக்கையோடு வைத்து எத்தனையோ புராஜெக்ட் எழுதப்பட்டுவிட்டது.

வட்டார அளவில் நீண்ட கணக்கு வேண்டுமானால் நம் ஊருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. கணியம்பாடி வட்டாரத்தில் சி.எம்.சி.யின் சமூக மருத்துவப் பிரிவு பல பத்தாண்டுகளாக ஊர் ஊராகப் பிறப்பு இறப்புகளைக் குறித்து வருகிறது. 1969 முதல் 1973 வரை வேலூரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளின் அளவுகள், அவர்கள் பெரியவர்களான பிறகு சர்க்கரை நோய் ஆய்வுக்குப் பயன்பட்டன. கே.வி.குப்பம் வட்டாரக் கிராமங்களில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று, சில ஊர்களில் பெண் சிசுக்கொலை நடந்ததை 1992-இல் வெளியே கொண்டுவந்தது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டை மட்டும் புரட்டியிருந்தால் அது கிடைத்திருக்காது. அதிலிருந்து ஒரு பழக்கம் எடுத்துக்கொள்ளலாம்: முதல் மாதத்தில் ஆண் குழந்தைகள்தான் இயற்கையாகக் கொஞ்சம் அதிகமாக இறக்கும். பெண் இறப்பு தொடர்ந்து கூடுதலாக வந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

14. போன வருஷம் எங்க பிஎச்சியில (ஆரம்ப சுகாதார நிலையத்துல) இறப்பு விகிதம் நாலு, இந்த வருஷம் பன்னெண்டுங்கறாங்க. மூணு மடங்கா?

விகிதத்தைக் கேட்டு மிரளும் முன் ஆட்களை எண்ணுங்கள். வருடத்துக்கு 240 பிறப்பு இருக்கிற இடத்தில் ஒரு இறப்பு என்றால் ஆயிரத்துக்கு 4.2. மூன்று இறப்பு என்றால் 12.5. ஒன்று மூன்றாவது தற்செயலாகவும் நடக்கும். அந்த அளவில் விகிதம் போடுவதே வீண். மூன்று குழந்தைகளின் கேஸ் ஷீட்டை எடுத்து உட்கார்ந்து படித்தால் எந்த விகிதமும் சொல்லாததை அது சொல்லும். விகிதம் வேண்டும் என்றால் வட்டார அளவில், மூன்று வருடத்தைச் சேர்த்துப் போடுங்கள்.

15. எல்லாத்தையும் ஒழுங்கா எழுதினா எங்களுக்குத்தானே கெட்ட பேரு?

முதலில் ஏறத்தான் செய்யும். 4-ஆம் கேள்வியில் சொன்ன குழந்தைகள் எல்லாம் சரியான இடத்துக்கு வரும்போது இறப்பு எண் உயரும். அதை முன்கூட்டியே மேலதிகாரியிடம் எழுத்தில் சொல்லிவைப்பது நல்லது. ஏறியது இறப்பா, பதிவா என்று பிரித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. இறந்து பிறப்பு அதே அளவு குறைந்திருக்கிறதா? மொத்தம் மாறாமல் இருக்கிறதா? எடைகள் 2.5, 3.0 என்று குவியாமல் பரவியிருக்கின்றனவா? மூன்றுக்கும் ஆம் என்றால் பதிவு திருந்தியிருக்கிறது, கவனிப்பு கெடவில்லை.

மெமோ கொடுக்கிற அதிகாரிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தணிக்கைக் கூட்டத்தில் "யார் டியூட்டி?" என்று ஆரம்பித்தால் அடுத்த மாதத்திலிருந்து இறப்பு குறையும், பதிவேட்டில் மட்டும். "எத்தனை மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது, குழந்தையைச் சூடாக வைக்கிற வார்மர் வேலை செய்ததா?" என்று ஆரம்பிக்கிற கூட்டங்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே நர்ஸம்மாக்கள் தாங்களாகவே பேசுகிறார்கள்.

பெரிய பிரசவக் கூட்டம் உள்ள ஒரு இடத்திலிருந்து ஆண்டு அறிக்கையில் பச்சிளங்குழந்தை இறப்பு பூஜ்யம் என்று வந்தால், நான் முதலில் கேட்பது 1,500 கிராமுக்குக் கீழே பிறந்த குழந்தைகளின் பட்டியலைத்தான்: யார் யார், எங்கே அனுப்பினீர்கள், 28-ஆம் நாள் எப்படி இருந்தார்கள். போன் போட்டுக் கேட்டாவது அந்தப் பட்டியலை நிரப்பிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பூஜ்யத்தை அப்படியே ஏற்றுக்கொள்வேன். பட்டியல் வராதவரை அறிக்கை என் மேசையிலேயே இருக்கும்.